பதினொரு பேருக்கு வெற்றிலை பாக்கு

விதி பதினேழு, உட்பிரிவு இ: ‘ஆட்டத்துக்காக ஊதியம் பெற்றவர் எவரும் சங்கத்தின் போட்டிகளில் கலந்துகொள்ளும் தகுதியை இழப்பார். ஊதியத்தை விட்டுவிட்டதாக அவர் விண்ணப்பித்தால், அவரை மீண்டும் ஊதியமற்ற ஆட்டக்காரராக ஏற்பது பற்றிச் சங்கத்தின் செயற்குழு கூடி முடிவெடுத்து, விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும்.’

நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து மேலாளராக வெளியே வந்தவன் நான். எத்தனையோ விதிகளை மறந்திருக்கிறேன், சிலவற்றை வேண்டுமென்றே. இது மட்டும் போக மறுக்கிறது. எங்கள் கால்பந்துக் குழுவின் தலைவருக்கு இதை முதன்முதலில் படித்துக் காட்டியபோது அவர் நின்றுகொண்டே கேட்டது ஒன்றுதான்.

“முப்பது நாளுங்களா? வெங்காயமே முளை விட்டுப் போயிருமுங்களே.”

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் வாரிசுகளிடம் அனுமதி கேட்க வேண்டும், பதில் வர நாளாகும். ஊருக்கு அவர் சேர்மன். நகராட்சிக்கும் ஒரு சேர்மன் இருந்ததால் எங்கள் அலுவலகத்தில் மட்டும் வெங்காயச் சேர்மன். கீரனூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும் நிலக்கடலையும் பயிரிட்டார். திண்டுக்கல்லில் வெங்காய மண்டியும் சொந்தமாக ஒரு லாரியும் வைத்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் தோட்டம், நான்கு நாள் மண்டி, இரண்டுக்கும் நடுவில் மீதமிருக்கும் நேரமெல்லாம் பந்து.

மண்டியில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதன்மேல் எப்போதும் காலிச் சாக்குகள் மடித்துக் கிடக்கும். வெங்காயம் கொண்டுவந்தவர்களோடு நடந்துகொண்டே பேசுவார். அவர்களும் மூட்டைகளுக்கிடையே கூடவே நடக்க வேண்டும். ஒருமுறை பிரியாணிக் கடைக்கு என்னை அழைத்துப் போனார். “தம்மு பிரிக்க இன்னும் அஞ்சு நிமிசம் ஆகும் பாய்” என்றார் கடைக்காரர், யாரையும் பாய் என்றே கூப்பிடுபவர். சேர்மன் உடனே திரும்பி அடுத்த கடைக்கு நடந்தார். அங்கும் ஐந்து நிமிடம். மூன்றாவது கடையிலும் அப்படியே. முதல் கடைக்குத் திரும்பி வந்தபோது சட்டி காலி. அன்று நாங்கள் நின்றபடி வாழைப்பழம் தின்றோம். ஐந்து நிமிடம் காத்திருந்தால் சாப்பிட்டிருக்கலாமே என்று நான் சொன்னதற்கு, “அஞ்சு நிமிசத்துல மூணு கடை பாத்தமுல்லங்க?” என்றார், லாபக் கணக்கு சொல்பவர் போல.

ஆட்டம் பார்ப்பதும் இப்படித்தான். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கோட்டோரமாக ஓடுவார், மடித்துக் கட்டிய வேட்டியோடு, கையில் குடையோடு. தொண்ணூறு நிமிடம் முடிகிறபோது எங்கள் ஆட்டக்காரர்களில் பாதிப் பேரை விட அதிகத் தூரம் ஓடியிருப்பார். ஒருமுறை கோட்டு நடுவர் பொறுக்க முடியாமல், “கூடவே ஓடி வாறதுக்கு இந்தக் கொடியையும் நீங்களே புடிங்கய்யா” என்று கொடியை நீட்டினார். சேர்மன் வாங்கிக்கொண்டார். நடுவர் கேலி செய்கிறார் என்று புரிந்துகொள்வதற்குக்கூட நின்று யோசிக்க வேண்டுமே.

எங்களுக்குப் பழக்கமானது ஒரு வாய்க்காலால். மண்டி வாசலில் மழைத்தண்ணீர் தேங்குகிறது, வாய்க்கால் வெட்ட அனுமதி வேண்டும் என்று நகராட்சியில் மனுக் கொடுத்தார். காலை பதினொரு மணிக்கு மனு. பிற்பகல் மூன்று மணிக்கு வாய்க்கால். விளக்கம் கேட்கும் நோட்டீஸை எடுத்துக்கொண்டு இளநிலை எழுத்தராக இருந்த நான் போனேன்.

“அனுமதி கேட்டு எழுதியிருக்கீங்க. இன்னும் குடுக்கலையே?”

“கேட்டாச்சுல்லங்க?”

“கேட்டாப் போதுமா? பதில் வரணும்ல?”

“ஏனுங்க, மழை உங்க பதிலப் பாத்துட்டுத்தான் பேயுமுங்களா?”

ஏழு நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்று நோட்டீஸில் இருந்தது. அவர் அதன் பின்பக்கத்திலேயே ‘வாய்க்கால் நன்றாக இருக்கிறது, வந்து பாருங்கள்’ என்று எழுதி என் கையில் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் அலுவலகத்துக்கே வந்தார். “நம்ம பந்துக் குழுவுக்கு நீங்க செயலாளரா வரோணுமுங்க. உங்களாட்டம் நிறுத்தி நிறுத்தி வெக்கற ஆளு ஒண்ணு எனக்கு வேணும். பிரேக் இல்லாத லாரியாட்டம் ஓடிட்டிருக்கறேன்.” அரசு ஊழியம் பார்ப்பவன் வெளிப்பொறுப்பு ஏற்கத் துறை அனுமதி வேண்டும் என்றேன். அனுமதி வர நான்கு மாதம் ஆயிற்று. அவர் அச்சடித்த நோட்டீஸில் என் பெயர் இரண்டாம் நாளே வந்துவிட்டது.

இப்போது வெற்றிலை பாக்குக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பகுதிக் குழுக்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பிறகு கலைந்துவிட்டது. அதன் கண்ணுக்கு எல்லா ஆட்டக்காரர்களும் ஆசைக்கு ஆடுபவர்கள். உண்மையில் நல்ல ஆட்டக்காரன் எவனும் சும்மா ஆடவில்லை. மில் குழு ஒன்றின் முன்வரிசைக்காரர் காகிதத்தில் தறி மேஸ்திரி, தறியை அவர் தொட்டதில்லை. இன்னொருவர் கடை குமாஸ்தா, அந்தக் கடை எந்தத் தெருவில் என்று அவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் என்பதால் அது ஒழுங்காக நடந்தது. எங்கள் ஆட்டக்காரர்களையும் மண்டியில் மூட்டை எண்ணுகிறவர்கள் என்று எழுதி வைத்துவிடலாம் என்று சேர்மனிடம் யோசனை சொன்னேன்.

“மூட்டை எண்றவன்னு எழுதுனா மூட்டை எண்ணோணுமுங்க. இவங்க பந்தாடறவங்க. அப்படியே எழுதுங்க.”

“அப்படி எழுதினா விதிப்படி தப்பு, சேர்மன்.”

“வேலை செய்யறவனுக்குச் சோறு போடறது எந்த ஊர்லீங்க தப்பு?”

அவருடைய ஊர்த் தோட்டங்களில் வருஷத்து ஆள் அமர்த்துவது சித்திரை முதல் நாளில். களத்து மேட்டில் நாலு பேர் பார்க்க, வெற்றிலை பாக்கும் புது வேட்டியும் கையில் கொடுத்து, ‘இந்த வருஷத்துக்கு இவன் நம்ம ஆளு’ என்று உரக்கச் சொல்வார்கள். அப்படிச் சொல்லாமல் அமர்த்திய ஆளுக்கு மரியாதை இல்லை, அமர்த்தியவருக்கும் இல்லை. மறைத்துக் கொடுப்பது ஆளை அவமதிப்பது என்பது அவருடைய கருத்து. இதைக் கால்பந்துக்கு யாரும் பொருத்திப் பார்த்ததில்லை. அவர் பார்த்தார்.

சித்திரை முதல் நாள் மாலை, மைதானத்தின் நடுவட்டத்தில், பதினொரு பேரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் தாம்பாளத்திலிருந்து வெற்றிலை பாக்கும் வேட்டியும் கொடுத்தார். “இந்த வருசத்துக்கு இவங்க நம்ம ஆளுங்க. சோறு, துணி, சம்பளம் நம்முளுது. பந்தாடறது இவங்க வேலை!” என்று ஒலிபெருக்கி இல்லாமலே கோட்டை மலைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். கூட்டத்திலிருந்து ஒருவன், “ஏலே, கோலு விட்டா வேட்டியத் திருப்பிக் கேப்பாராம்லே!” என்று கத்த, மைதானமே சிரித்தது. சேர்மனும் சிரித்தார். புகைப்படக்காரரை வரவழைத்து இதையெல்லாம் படம் பிடிக்கச் செய்ததும் அவர்தான். அந்தப் படம் ஸ்டூடியோக் கண்ணாடியில் ஒரு வருஷம் தொங்கியது.

வரிசையின் கடைசியில் நின்றவன் சவரிமுத்து, எங்கள் கோல்கீப்பர். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. தோலிலிருந்து முடி கழல ஊறவைக்கும் தொட்டி அது. கைவிட்டுப் புரட்டிப் புரட்டி அவனுடைய விரல் இடுக்குகள் வெடித்துச் சிவந்திருக்கும். ஈரப் பந்தைப் பிடித்தால் பந்தில் ரத்தம் ஒட்டும். வேட்டியைக் கொடுத்த பிறகு சேர்மன் அந்தக் கைகளை விடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாளையிலிருந்து அந்தத் தொட்டிக்குப் போகக் கூடாது. தெரிஞ்சுதா?”

“சரிங்கய்யா.”

“போனீன்னு தெரிஞ்சா வேட்டியத் திருப்பிக் கேப்பேன்.”

மூன்று மாதத்தில் கைகள் ஆறின. நான் அலுவலகக் கோப்புகளில் எத்தனையோ முன்னேற்ற அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்த முன்னேற்றம் அது ஒன்றுதான். அந்த வருஷம் முழுக்க எங்கள் குழு ஜெயித்தது. அடுத்த கோடையில் எதிர்க் குழு ஒன்று சங்கத்துக்குப் புகார் எழுதியது. சாட்சியாக ஸ்டூடியோவில் வாங்கிய படத்தின் பிரதி. படத்தில் சேர்மன் வாய் திறந்து பேசிக்கொண்டிருக்கிறார். அவர் என்ன பேசுகிறார் என்பது ஊர் முழுக்கத் தெரியும். பதினொரு பேருக்கும் தடை.

மறுத்து ஒரு கடிதம் நான் தயார் செய்தேன். வெற்றிலை பாக்கு என்பது புத்தாண்டு மரியாதை, வேட்டி என்பது அன்பளிப்பு, பேச்சு என்பது உற்சாகம். நல்ல கடிதம். சேர்மன் இரண்டு வரி படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். “ஊரே பாத்துதுங்க. நான் சொன்னது சொன்னதுதான்.”

பத்துப் பேர் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு பூட்டுப் பட்டறைக்கும் சுருட்டுக் கம்பெனிக்கும் போனார்கள். சவரிமுத்துவால் அப்படிப் போக முடியவில்லை. ரயில்வே குழுவின் அதிகாரி ஒருவர் அவன் ஆட்டத்தைப் பார்த்து, ஜங்ஷனில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். நிபந்தனை இரண்டு. ஊதியம் பெறாத ஆட்டக்காரன் என்று காகிதம் வேண்டும். வயது இருபத்தைந்து முடிவதற்குள் சேர வேண்டும். டிசம்பர் மூன்றாம் தேதி சவேரியார் திருநாளில் பிறந்ததால் சவரிமுத்து என்று பெயர் வைக்கப்பட்டவன் அவன். வயதில் யாரும் ஏமாற்ற முடியாது, கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது.

ஜூன் மாதம் விதி பதினேழு இ-யின் கீழ் விண்ணப்பம் எழுதினேன். அதோடு சவரிமுத்துவுக்கும் சேர்மனுக்கும் நான் விளக்கியதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். ஊதியத்தை விட்டுவிட்டான் என்பது உண்மையாக இருக்க வேண்டும். ஆகவே பதில் வரும்வரை சேர்மனிடமிருந்து சம்பளம் கூடாது, மண்டியில் சாப்பாடு கூடாது, எந்த உதவியும் கூடாது.

“அப்ப நான் எங்கிட்டு சார் போறது?” என்றான் சவரிமுத்து. வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். உடனே கூப்பிட்டு வேலை தரும் இடம் ஒன்றுதான் இருந்தது.

அவன் தொட்டிக்குத் திரும்பினான்.

இரண்டு வாரம் கழித்து சேர்மன் என் மேசைக்கு வந்து ஒரு பாட்டிலை வைத்தார். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய். “கைக்குத் தடவிக்கச் சொல்லி நீங்க குடுத்துருங்க. நான் குடுத்தாத்தானுங்களே தப்பு?”

யாருடைய பொருளோ அவர் கொடுத்ததாகத்தான் கொள்ளப்படும் என்றேன். எண்ணெயும் ஊதியம் என்ற சொல்லில் அடங்கும் என்றேன். அன்று எனக்கு வயது இருபத்தேழு, நான் சொன்னது முற்றிலும் சரி. அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சரியை நினைத்தால் இப்போதும் என்னால் ஒரே இடத்தில் உட்கார முடிவதில்லை.

முப்பது நாள் ஆயிற்று. நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். அறுபது நாள் ஆயிற்று. இரண்டாம் நினைவூட்டு. சேர்மன் தினமும் காலையில் தபாலாபீசுக்குப் போய், கட்டு பிரிக்கும்போதே எட்டிப் பார்ப்பார். அங்கிருந்து தோல் ஷாப் வாசலுக்கு. உள்ளே போக மாட்டார், அது உதவியாகிவிடும் என்று பயம். எதிர்ச் சாரியில் குடையோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டு மண்டிக்கு வருவார். ஆகஸ்டில் மதுரைக்கே போய்ச் சங்கத்தின் செயலாளரைப் பார்த்தார். அவர் ஒரு வக்கீல். “செயற்குழு கூடணும். அஞ்சு உறுப்பினர் வந்தாத்தான் கூட்டம். யாரும் வர்றதில்லை. நான் என்ன செய்யட்டும்?” என்றாராம்.

வேறு எந்த மனிதனும் இதைச் சலிப்பில் சொன்னது என்றுதான் எடுத்துக்கொள்வான். சேர்மன் இதை வேலை என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலை வெங்காய லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பி, பழனி, தேனி, மேலூர் என்று சுற்றி, ஐந்து உறுப்பினர்களையும் அவரவர் வீட்டிலேயே போய் ஏற்றினார். முன்னால் இரண்டு பேர், பின்னால் சாக்கு விரித்து மூன்று பேர். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பிற்பகலில் வக்கீல் வீட்டு வாசலில் லாரி நின்றது.

“கூட்டத்தக் கொண்டாந்துட்டனுங்க” என்றாராம் சேர்மன்.

கூட்டம் கூடியது. வெங்காய வாசனையோடு தீர்மானமும் போட்டது: சம்பந்தப்பட்ட ஒருவர் கூட்டிய கூட்டம் செல்லாது, முறையற்ற தலையீட்டுக்கு அவர் விளக்கம் தர வேண்டும், விளக்கம் ஏற்கப்படும்வரை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது. விதிப்படி அவர்கள் செய்ததும் சரிதான். உறுப்பினர்களை அவரவர் ஊருக்குத் திரும்பக் கொண்டுபோய் விட்டதும் சேர்மனுடைய லாரிதான்.

இது தெரிந்த அன்று சவரிமுத்து மண்டிக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான், காட்டக் கூடாது என்று. சேர்மன் மூட்டைகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தார். அவன் கூட நடக்கவில்லை, நின்ற இடத்திலேயே நின்றான்.

“அய்யா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு சாமி.”

“செத்த நேரம் சும்மா இருங்கய்யா. எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். ஓட வேணாம், ஆளப் பாக்க வேணாம். சும்மா இருங்க. அம்புட்டுத்தான் கேக்குறேன்.”

சேர்மன் நின்றார். நாற்காலியில் கிடந்த சாக்குகளை எடுத்துக் கீழே போட்டார். உட்கார்ந்தார்.

“சரி. இருக்கறேன்.”

அன்றிலிருந்து அவர் தபாலாபீசுக்குப் போகவில்லை. தோல் ஷாப் பக்கம் போகவில்லை. மைதானத்துக்கும் போகவில்லை. மண்டிக்கு வருவார், நாற்காலியில் உட்காருவார். வெங்காயக்காரர்கள் அவர் எதிரில் நின்று பேசினார்கள், பழக்கமில்லாததால் வார்த்தை தடுமாறினார்கள். தோட்டத்தில் அறுவடை நேரம், அதற்குக்கூடத் தம்பியை அனுப்பினார். உட்கார்ந்திருப்பார், வலது கால் மட்டும் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். சில நாள் அதையும் இடது பாதத்தால் மிதித்து அடக்கிக்கொள்வார். பதில் வந்ததா என்று என்னிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நான் வாசலில் வரும்போது முகத்தைப் பார்ப்பார், பிறகு தராசைப் பார்ப்பார். நோயாளியை விசாரிக்கப் போவதுபோல மாலையில் போய்க்கொண்டிருந்தேன், போகாமலிருக்கவும் முடியவில்லை. அவர் ஓடியபோது எரிச்சலாக இருந்தது. உட்கார்ந்தபோது என் கால் பரபரத்தது.

அக்டோபர் போயிற்று. விளக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். அதற்கும் பதில் இல்லை. நவம்பர் கடைசியில் ஒரு மாலை கடைத்தெருவில் சவரிமுத்துவைப் பார்த்தேன். டீக் கிளாஸை விரல்களால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “இன்னும் அஞ்சு நாளு சார்” என்றான், குற்றம் சொல்கிற குரலில்லாமல்.

வீட்டுக்குப் போகாமல் குழுவின் கோப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் அதுவரை செய்யாத ஒன்றை, அதுவரை கற்ற எல்லாவற்றையும் வைத்துச் செய்தேன். எங்கள் குழுவின் பெயர் அச்சிட்ட தாளில் இப்படி எழுதினேன்: சவரிமுத்து ஊதியத்தை விட்டுவிட்டார். விதி பதினேழு இ-யின்படி உரிய காலத்தில் விண்ணப்பித்தார். பதில் அளிக்க வேண்டிய காலக்கெடு முப்பது நாட்கள். அந்தக் கெடுவுக்குள் மறுப்பு ஏதும் வரவில்லை. ஆகவே அவரை ஊதியமற்ற ஆட்டக்காரராகக் கொள்ளத் தடையில்லை என்று சான்றளிக்கப்படுகிறது. செயலாளர். முத்திரை வைத்தேன். தலைவர் கையெழுத்துக்கு இடம் விட்டேன்.

மறுநாள் காலை மண்டியில் சேர்மன் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். அவர் ஒரு கடிதத்தை முழுதாகப் படித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“இதுல பொய் இருக்குதுங்களா?”

“ஒவ்வொரு வாக்கியமும் உண்மை, சேர்மன்.”

“எல்லாத்தையும் சேத்துப் பாத்தா எப்படீங்க?”

நான் தராசைப் பார்த்தேன்.

“சங்கம் கேட்டா?”

“எழுதினது நான். நானே பதில் சொல்லிக்கிறேன்.”

“வேலை போயிருமுங்களே உங்களுக்கு.”

“போகலாம்.”

அவர் எழுந்தார். நின்றபடி கையெழுத்துப் போட்டார். “பையனக் கூப்பிட்டுட்டு நீங்களே போங்க. நான் வரலீங்க. நான் வந்தா எதையாச்சும் நெசத்தச் சொல்லிப்போடுவேன்.”

ஜங்ஷனில் அந்த அதிகாரி காகிதத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். “எனக்குக் கோல்கீப்பரும் வேணும், காகிதமும் வேணும். ரெண்டும் வந்தாச்சு” என்றார். சவரிமுத்துவின் கைகளைப் பார்த்தபோது மட்டும் முகம் சுளித்தார். “ஒரு மாசம் பந்தத் தொடாதப்பா. மொதல்ல கை ஆறட்டும்.” நவம்பர் முப்பதாம் தேதி அவன் வேலையில் சேர்ந்தான். அன்று மாலை மண்டிக்குச் சொல்லப் போனேன். சேர்மன் இல்லை. தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். நாற்காலியில் சாக்கு கிடந்தது.

பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், சங்கத்தின் உறை இருக்கிறதா என்று தபால்காரரின் கட்டை எட்டிப் பார்ப்பது என் முறையாயிற்று. எங்கள் குழு அந்தச் சங்கத்தை விட்டு விலகி, எவரோடும் எங்கும் ஆடும் குழுவாகிவிட்டது. சேர்மன் மறுபடி கோட்டோரமாக ஓடினார். ரயில்வே குழுவோடு எங்களுக்கு ஆட்டம் வந்தால், எதிர் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று எங்கள் ஆட்களுக்கு எதிராக, “விட்டுறாத சவரி!” என்று கத்துவார். எங்கள் ஆட்டக்காரர்கள் என்னிடம் வந்து முறையிட்டார்கள். அதைத் தடுக்க விதி ஏதும் இல்லை.

பதில் வந்தது. எங்கள் குழுவின் தலைவருக்கு, செயலாளராகிய என் வழியாக. ஒரே பத்தி. விண்ணப்பம் ஆழ்ந்து பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது, மேற்படி ஆட்டக்காரர் ஊதியம் பெற்றவராகவே கருதப்படுவார், இதைச் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் செயலாளர் தெரிவிக்க வேண்டும். சம்பந்தப்பட்ட அனைவரும் என்றால் ரயில்வேயும்தான். நான் அதை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். சேர்மன் ஒரு மூட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னங்க அது?”

“பதில் வந்திருக்கு.”

“எதுக்குங்க?”

சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார், கடிதத்தை வாங்கவில்லை. அடுத்த மூட்டைக்குப் போனார்.

“அனைவருக்கும் தெரிவிக்கணும்னு இருக்கு, சேர்மன்.”

“எத்தனை நாளைக்குள்ளன்னு இருக்குதுங்களா?”

இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். இல்லை. காலக்கெடு குறிப்பிட மறந்திருந்தார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, கடிதத்தின் ஓரத்தில், ‘பார்த்தேன். உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும். கோப்பில் வைக்க’ என்று எழுதி, சுருக்கொப்பமிட்டு, கீழே தேதி போட்டேன்: 17-2-1959.